மண்ணிறம்: நான்காவது வரைவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஆய்வகத்தின் சாப்பாட்டு அறையில், வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த ஒருத்தியிடமிருந்து கிடைத்தது. முதல் மூன்று வரைவுகளும் இப்படித்தான் தொடங்கின. அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. மீதியை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல எனக்குத் துணிவு போதாது.

நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு நடுத்தர மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஊர், மருத்துவமனை, ஆட்களின் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். என் வேலை தள்ளுவதும் சுமப்பதும். கட்டில்களைத் தள்ளுவேன், இரத்தக் குப்பிகளையும் மாதிரிகளையும் சுமப்பேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். அது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் என் முன்னால் கதைக்கும்போது சிலர் குரலைத் தாழ்த்துவார்கள்.

வாஃபிள் சுட்டவளின் பெயர் தூருன். ஐம்பத்து நான்கு வயது. உடலிலிருந்து எடுத்த இழையங்களுக்கு நிறமூட்டும் பிரிவில் முப்பது வருட அனுபவம். வாஃபிளின் மேல் பழுப்புப் பாற்கட்டியைச் சீவிப் போட்டு எனக்கு நீட்டிக்கொண்டு, வானிலை சொல்வது போலச் சொன்னாள். [இவர்கள் நோர்வே மொழியில் பேசுவதை என் ஊர்த் தமிழில் தருகிறேன்.]

"நான் ஒரு மனுசிக்கு இல்லாத வருத்தத்தைக் குடுக்கப் பாத்தனான். எழுதுறதெண்டா எழுது. ஆனா என்னை நல்லவளாக்கிப்போடாத."

2

வாஃபிளுக்குப் பிறகு கதைக்குள் நுழையும் வாக்கியம் எனக்கு எப்போதும் இழுபறிதான்.

முதல் வரைவு: "ஒரு பெண்ணின் மார்பு என்பது" என்று தொடங்கி, அந்த வாக்கியம் எங்கே போகப்போகிறது என்று தெரிந்ததும் அதை வெட்டிவிட்டேன்.

இரண்டாம் வரைவு: "மலைகளில் பனி உருகத் தொடங்கியிருந்த ஏப்ரல் மாதத்தின்..." [இந்த ஊரில் வருடத்தில் ஏழு மாதம் ஏதாவதொரு பனி உருகிக்கொண்டிருக்கும். அதில் கதைக்கு ஒன்றும் இல்லை.]

மூன்றாம் வரைவில்தான் சரியான வாக்கியம் வந்தது. அதை அப்படியே வைத்திருக்கிறேன்:

ஈஸ்டருக்கு முந்திய புதன்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு, ஆய்வகத்துக்கு ஒரு வாளி வந்தது.

மூடியுள்ள சிறிய வெள்ளை வாளி. உள்ளே ஈரத்துணி சுற்றிய மார்புத் துண்டு, ஏறக்குறைய ஒரு பெரிய தோடம்பழ அளவு. நடுவில் பதினான்கு மில்லிமீட்டர் கட்டி. கெடாமல் காக்கும் ஃபோர்மலின் திரவம் ஊற்றாமல் அப்படியே வரும். வந்தவுடன் ஆய்வகத்தில் அதற்கு ஓரங்களில் மை பூச வேண்டும், பின்பக்கத்திலிருந்து பாண் வெட்டுவது போலத் துண்டு துண்டாகத் திறந்து, இடையில் கடதாசி வைத்து, பிறகு ஃபோர்மலினில் இறக்க வேண்டும். திறக்காமல் முழுதாகப் போட்டால் ஃபோர்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உள்ளே போகும். கொழுப்பென்றால் இன்னும் மெதுவாக. அது நடுவைத் தொடுமுன் நடுவில் உள்ளவை கெட்டுவிடும்.

அன்று ஈஸ்டர் விடுமுறைக்காக நாடே பன்னிரண்டு மணிக்குப் பூட்டும் நாள். வெட்டும் மருத்துவர் பத்து மணிப் படகில் போய்விட்டார். மற்றவர்கள் காரில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூருனுக்குப் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மலைக்குப் பஸ். அவள் தங்கச்சி அரைமணி நடைதூரத்தில் இருந்த பஸ் நிலையத்தில் நின்று இரண்டு குறுந்தகவல் அனுப்பிவிட்டாள். பஸ்ஸை விட்டால் அடுத்தது வியாழன் மாலை.

மருத்துவர் இல்லாதபோது அனுபவமுள்ள ஆய்வகக்காரி குறைந்தது ஒரு வெட்டாவது வெட்டித் திறக்கலாம் என்று விதி இருந்தது. மை பூசிக் காயவிட்டு வெட்ட இருபது நிமிடம். தூருன் வாளியைத் திறந்து பார்த்தாள். ஃபோர்மலினை ஊற்றினாள். படிவத்தில் 11.40 என்று எழுதினாள். குளிர்கோட்டை மாட்டினாள்.

"பிழையா வெட்டினா ஓரங்கள் குழம்பிப்போகும், கட்டி முழுசா எடுபட்டதோ எண்டு பிறகு ஒருத்தராலயும் சொல்லேலாது. அதுதான் நான் எனக்குச் சொன்ன காரணம்" என்றாள் என்னிடம். "நல்ல காரணம். ஆனா காரணத்தை நான் யோசிச்சது பஸ்ஸுக்குள்ள ஏறி இருந்த பிறகு."

அவள் ஐந்து நாள் மலைக்குடிலில் இருந்தாள். தோடம்பழம் தின்றாள், இந்த நாட்டு வழக்கப்படி துப்பறியும் கதை வாசித்தாள். கொலைகாரன் யாரென்று நூறாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். வாளி அறை வெப்பத்தில் மேசையில் இருந்தது.

3

[இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதத்தான் நினைத்தேன். தாண்டினால் நான்காம் பகுதி விளங்காது. ஆகவே வாசியுங்கள், சுருக்கமாகவே சொல்கிறேன்.]

மார்புப் புற்றுநோயின் செல்கள், அதாவது கலங்கள், பலவற்றின் கருவுக்குள் ஈஸ்திரோஜன் என்ற ஓமோனைப் பிடிக்கும் வாங்கிகள் இருக்கும். இருந்தால் அந்தக் கட்டி ஓமோனை நம்பி வளர்கிறது. அதைப் பட்டினி போட மாத்திரை உண்டு. தினம் ஒன்று, ஐந்து வருடம். இல்லாவிட்டால் மாத்திரையால் பயனில்லை, கீமோதான் பெரும்பாலும் வழி. இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது தூருனின் வேலை.

இழையத்தை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று பங்கு தடிப்பில் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டுவார்கள். மெழுகைக் கரைத்துவிட்டு, மூடிக்கிடக்கும் வாங்கிகள் வெளியே தெரிய வெந்நீர்க் கரைசலில் சூடாக்குவார்கள். பிறகு அந்த வாங்கியில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளை ஊற்றினால், அது ஒட்டிய இடமெல்லாம் கடைசியில் மண்ணிறமாகும். மற்றதெல்லாம் நீலம். நூறு கருக்களில் ஒன்று மண்ணிறமானாலும் மாத்திரை கொடுக்கலாம்.

[தூருன் பயிற்சிக்கு வந்த காலத்தில் அங்கிருந்த மூத்தவர்கள் இன்னொரு முறையைப் பற்றிக் கதைப்பார்களாம். கட்டியை உறையவைத்து, அரைத்து, கதிர்வீசும் ஓமோனைச் சேர்த்து, எவ்வளவு ஒட்டியது என்று எண்ணுவது. அரைத்தது கட்டியா வெறும் கொழுப்பா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. எண் மட்டும் வரும். "எண் வந்தா எல்லாரும் நம்புவினம்" என்றாள்.]

இதையெல்லாம் செய்யும் நிறமூட்டும் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? கண்ணாடியின் ஓரத்தில் வேறு யாரோ ஒருவரின் நல்ல இழையத் துணுக்கு ஒன்றை வைப்பார்கள். அது மண்ணிறமானால் இயந்திரம் சரி. ஆனால் அது இயந்திரத்துக்குத்தான் சாட்சி. இழையம் கெடாமல் வந்ததா என்பதற்குச் சாட்சி, அதே பெண்ணின் மார்பில் கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நோயில்லாத பாற்குழாய்கள். எல்லாப் பெண்களின் குழாய்களிலும் சில கலங்களாவது மண்ணிறமாக வேண்டும். அவையும் நீலமாக இருந்தால், அந்தக் கண்ணாடி எதையும் சொல்லவில்லை.

4

ஈஸ்டர் முடிந்த வாரம் வியாழக்கிழமை கண்ணாடி வெளியே வந்தது. ஓரத் துணுக்கு நல்ல மண்ணிறம். கட்டி முழு நீலம்.

என் மூன்றாம் வரைவில் இந்த இடம் இப்படி இருந்தது: "தூருன் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். அவள் முகம் வெளிறியது. கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படிகளில் ஓடினாள்."

வாஃபிள் மேசையில், நான் நோர்வே மொழியில் பெயர்த்துக் கொடுத்த அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"நான் ஓடேல்ல."

"பிறகு?"

"கண்ணாடியைத் தட்டில வைச்சிட்டுச் சாப்பிடப் போனனான். பாணும் பாற்கட்டியும். ஒரு அப்பிளும்."

"குழாயளைப் பாத்தனீதானே?"

"பாத்தனான். எட்டுக் குழாய். எட்டும் நீலம். ரெண்டு தரம் எண்ணினனான்." பென்சிலை மேசையில் உருட்டினாள். "எஸ்கில் பாப்பான், அவன்தானே டொக்டர், அவன் கண்டுபிடிக்கட்டும் எண்டு விட்டனான். கண்டுபிடிச்சா நான் வாயைத் திறக்கத் தேவையில்ல. என்ர புதன்கிழமையும் வெளியில வராது."

எஸ்கில் நோயியல் மருத்துவன். [இங்கே தலைமை மருத்துவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவனுக்கும் அதில் மனக்குறை இல்லை.] விடுமுறைக்குப் பின் அவன் மேசையில் நாற்பது பேரின் கண்ணாடித் தட்டுகள். ஓரத் துணுக்கைப் பார்த்தான், கட்டியைப் பார்த்தான், வெள்ளிக்கிழமை பின்னேரம் எழுதிக் கையொப்பமிட்டான்: வாங்கிகள் இல்லை, நூற்றுக்குச் சுழியம்.

தூருன் சனிக்கிழமை தன் சிறு படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டினாள். ஞாயிற்றுக்கிழமை பூச்சுப் பூசினாள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நோயாளிக்குத் தொலைபேசியில் முடிவைச் சொன்னார்கள். பத்து மணிக்குத்தான் தூருன் மாடி ஏறினாள். மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

இந்த வரைவில் அவள் ஓடவில்லை. எனக்கு இவளைத்தான் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அவள் இன்னொரு கோடு போடுவாள்.

5

இனி என் பங்கு.

இரண்டாம் பகுதியில் "ஒரு வாளி வந்தது" என்று எழுதினேன். வாளிக்குக் கால் இல்லை. மூன்று வரைவுகளிலும் அது தானாகவே வந்தது. தூருன் அதை மூன்று தடவையும் வாசித்தாள், மூன்றாம் தடவைதான் கேட்டாள்.

"நிமலன், படிவத்தில ரெண்டு நேரம் இருக்கு. பாத்தனீயே?"

"இல்ல."

"ஒப்பரேசன் தியேட்டரால வெளிக்கிட்டது பத்து ஐம்பது. என்னட்ட வந்தது பதினொண்டு நாப்பது. நாலு மாடி, ஒரு லிஃப்ட். நடந்தாலும் ஏழு நிமிசம். எங்க நிண்டது?"

நான் வாஃபிளைப் பார்த்தேன்.

"அண்டைக்கு ஆர் வேலை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "நீ எழுதுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

இரண்டாம் மாடியில் கேக் வைத்திருந்தார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு முந்திய நாள் ஒவ்வொரு பிரிவும் ஏதாவது வைக்கும். அன்று அவர்கள் பிரிவில் ஒருவர் ஓய்வுபெறும் நாளும்கூட. பாதாம் கேக், பேச்சு, பாட்டு. பேச்சுக்கு நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை. வாளியை யன்னல் விளிம்பில் வைத்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, இந்த ஊரில் அது அபூர்வம், ஆகவே நினைவிருக்கிறது. இரண்டு துண்டு சாப்பிட்டேன், கோப்பி குடித்தேன். உடலிலிருந்து வெட்டி எடுத்த இழையம், ஒன்றும் ஊற்றாமல், நாற்பது நிமிடத்துக்கு மேல் வெயிலில் இருந்தது. அரைமணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியவனே நான்தான்.

கெடுத்தது அவளுடைய சோம்பலா என்னுடைய கேக்கா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு எழுதிய பிழை அறிக்கையில், இழையம் கெட்டதற்கு அவள் தன் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். அடுத்த நாள் காலை நான் போய் என் பெயரையும் சேர்த்தேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

6

எஸ்கிலின் அறையில் நடந்ததை அவள் சொன்னபடியே தருகிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை.

"இந்தக் கண்ணாடியைத் திருப்பிப் பார்" என்றாள்.

"பாத்திட்டன். ஓரத்தில வைச்ச கொன்ட்ரோல் துணுக்கு நல்லா வந்திருக்கு."

"அது வேற ஆளின்ர இழையம். இவவின்ர சொந்தக் குழாயளைப் பார்."

அவன் பார்த்தான். நேரம் எடுத்துப் பார்த்தான். கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"எப்ப கண்டனீ?"

"வியாழன்."

"இண்டைக்குத் திங்கள்."

"ஓம்."

"வேற ஏதும் சொல்லக் கிடக்கோ?"

அவள் புதன்கிழமையைச் சொன்னாள். பஸ்ஸையும் சொன்னாள். அவன் கத்தவில்லை. இங்கே யாரும் கத்துவதில்லை, அது சிலநேரம் கத்துவதைவிட மோசம். தன் அறிக்கையைத் திரையில் எடுத்து, திரும்பப் பெறுவதாக எழுதினான்.

"குழாயளைப் பாக்காமல் கையொப்பம் வைச்சது நான்" என்றான். "நீயும் நானும் ஒண்டாத்தான் அறிக்கை எழுதவேணும்."

நோயாளியின் பெயர் ரக்னா என்று வைத்துக்கொள்கிறேன். அறுபத்தொரு வயது. கார்களை ஏற்றிச்செல்லும் படகின் உணவகத்தில் வேலை, பாண்துண்டுகளும் கோப்பியும் விற்பவள். [இதில் பாதி என் கற்பனை. நான் ரக்னாவைப் பார்த்ததில்லை. வாளியைத்தான் பார்த்தேன்.] சத்திரசிகிச்சை நிபுணர் தியேட்டரில் இருந்ததால் எஸ்கிலே தொலைபேசியில் சொன்னான். தூருன் பக்கத்தில் நின்றாள். சத்தம் வெளியே கேட்டது.

"காலமை இல்லை எண்டுதானே சொன்னவை" என்றாள் ரக்னா.

"அது பிழை. இல்லை எண்டு இல்ல. தெரியாது."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டில்ல. இல்லை எண்டா மாத்திரையை விட்டிடுவம். தெரியாது எண்டா இன்னொருக்காப் பாக்கவேணும். எங்கட பக்கத்தில நடந்த பிழை. இழையம் கெட்டுப்போச்சு."

போனுக்குள் படகின் இயந்திரம் இரைந்தது.

"நான் அழுது முடிச்சிட்டன் டொக்டர். காலமை, கல்லாவுக்குப் பின்னால நிண்டு. சனம் கோப்பிக்கு வரிசையில நிண்டது. இப்ப தெரியாது எண்டா நான் அதை என்ன செய்யிறது?"

"இன்னொருக்காப் பாத்திட்டு நானே எடுக்கிறன்."

"சரி. எப்ப தெரியும்?"

"நாளைக்கு மூண்டு மணிக்குள்ள எடுத்துச் சொல்லுறன்."

"மூண்டு மணிக்குப் படகு கரையில நிக்கும்" என்றாள். "அப்ப எடுங்கோ."

7

இன்னொரு முறை பார்க்க எதை எடுப்பது? வாளியிலிருந்து வந்த இழையம் எல்லாம் ஒரே கேடு. ஆனால் பெப்ரவரியில் ரக்னாவுக்கு ஊசியால் எடுத்த மெல்லிய துணுக்கு ஒன்று மெழுகுக்கட்டியாக நிலவறையில் இருந்தது. அது எடுத்த நிமிடமே ஃபோர்மலினில் விழுந்தது, இடையில் கேக் இல்லை, பஸ் இல்லை. அப்போது அதில் கட்டிக் கலங்கள் மிகக் கொஞ்சம் என்பதால், சோதனையைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். நோயைக் கண்டுபிடிக்கச் சீவியே முக்கால்வாசி தீர்ந்துபோயிருந்தது.

மிச்சம் ஒரு சீவல். நல்லகாலம் என்றால் இரண்டு.

வேறு யாரையாவது வெட்டச் சொல்லலாம் என்றான் எஸ்கில். தூருன் ஆம் என்று சொல்லியிருக்கலாம். இளையவர்களின் கை அவளுடையதைவிட உறுதி, அது அவளுக்கும் தெரியும். ஆனால் தீர்ந்துபோகும் மெழுகுக்கட்டியில் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிய முப்பது வருடம் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அவளே மெழுகுக்கட்டியைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, கத்தியை மாற்றி, சீவினாள். முதற்சீவல் சுருண்டு கிழிந்தது. இரண்டாவது தண்ணீரில் விரிந்து மிதந்தது. மெழுகுக்கட்டியில் அதற்கு மேல் வெறும் மெழுகுதான் இருந்தது.

இயந்திரம் மூன்று மணிநேரம் ஓடியது.

இந்த இடத்தில் நான் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

அ) கட்டி மண்ணிறம். ரக்னாவுக்கு மாத்திரை. தூருன் யன்னலால் வெளியே பார்க்கிறாள். [வெளியே என்ன தெரிந்தது என்று அரைப்பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன்.]

ஆ) கட்டி நீலம், குழாய் மண்ணிறம். முதல் அறிக்கை தற்செயலாகச் சரி. எல்லோரும் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

இ) சீவல் சூடாக்கும்போது கண்ணாடியிலிருந்து கழன்று போய்விடுகிறது. இனி ஒருபோதும் தெரியாது. [இப்படியும் நடக்கும். ஆனால் இது முடிவெழுதப் பயப்படுகிறவனின் தந்திரம். எடுத்துவிட்டேன். சீவல் கழலவில்லை.]

மற்ற இரண்டையும் தூருனிடம் கொடுத்து எது நடந்தது என்று கேட்டேன். அவள் இரண்டையும் மடித்துத் திருப்பித் தந்தாள்.

"நீ எதை எழுதினாலும் அது உனக்குத் தேவையானதாத்தான் இருக்கும்" என்றாள்.

8

நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு.

இரண்டரைக்குக் கண்ணாடி வெளியே வந்தது. தூருன் அதை நுணுக்குக்காட்டியில் வைத்தாள். கட்டியைத் தேடவில்லை. முதலில் ஓரத் துணுக்கைப் பார்த்தாள், மண்ணிறம். பிறகு ரக்னாவின் சொந்தக் குழாயைத் தேடினாள். இடது ஓரத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, பாதி வெட்டுப்பட்டு. அதில் ஏழெட்டுக் கலங்கள் தெளிவான மண்ணிறம். ஆகவே இந்தக் கண்ணாடியை நம்பலாம். இனி அது என்ன சொன்னாலும் உண்மை.

கட்டிக் கலங்கள் வலப்பக்கம். கண்ணாடியை நகர்த்தும் திருகை அரைச் சுற்றுச் சுற்றினால் வரும். அவள் கை திருகில் இருந்தது.

"எழுதப்போறாய் எண்டா இதையும் எழுது" என்றாள் என்னிடம். "அந்த நேரம் நான் நீலம் வரட்டும் எண்டு நினைச்சனான். ஒரு செக்கனுக்கு. நீலமெண்டா நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்ல. பஸ்ஸில போனது போனதுதான். அந்த மனுசி ஆறு மாசம் கீமோ எடுத்துத் தலைமயிர் கொட்டி நிண்டாலும், அது என்னால இல்ல. அப்பிடி நினைச்சனான். அதுக்குப் பிறகுதான் சுத்தினனான்."

அவள் வேலைக்குப் போன பிறகு, கட்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் விளங்கியது: ஆ முடிவைத்தான் நான் முதலில் எழுதினேன். மூன்று வரைவிலும். ஒவ்வொரு முறையும் அது எனக்கு இயல்பாக வந்தது, கலைக்கு நேர்மையானது என்றும் நினைத்தேன். நீலமென்றால் என் கேக் யாருக்கும் கேடு செய்யவில்லை. ரக்னாவிடமிருந்து ஒரு மாத்திரையைப் பறித்துத்தான் நான் அதை அழகாக எழுதியிருந்தேன்.

ஆகவே இந்தக் கதையின் முடிவை எழுத நான் தகுதியானவன் இல்லை. தூருனும் சொல்லமாட்டாள். எஸ்கில் அந்தப் பிழையான அறிக்கையில் கையொப்பமிட்டவன். மிச்சம் நீங்கள்தான். நீங்கள் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை, அந்தக் கேக்கைச் சாப்பிடவில்லை. கண்ணை வையுங்கள். திருகு உங்கள் வலது கைக்குக் கீழே இருக்கிறது. சுற்றுமுன் உங்கள் மனதில் எந்த நிறம் வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கண்ணாடியில் இருப்பதைச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டு நாற்பது. மூன்று மணிக்கு ரக்னாவின் படகு கரைக்கு வரும்.